கேமராவை முழுங்கியாச்சு... இப்போ அது எங்கே இருக்கு?

பிரியாணி ஆர்டர் பண்ணினால், டெலிவரி தம்பி எந்த சிக்னலில் நிற்கிறார் என்பது வரை மொபைலில் தெரிந்துவிடுகிறது. அதே பிரியாணி வயிற்றுக்குள் போன பிறகு எந்த வளைவில் நிற்கிறது? யாருக்கும் தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. ஆனால், நீங்கள் முழுங்கியது ஒரு கேமராவாக இருந்தால்?

கேமராவேதான் பாஸ்! 26 மி.மீ நீளம், 11 மி.மீ தடிமன். பெரிய வைட்டமின் மாத்திரை சைஸ். இதை முழுங்கிச் செய்யும் பரிசோதனைக்குப் பெயர் 'கேப்சூல் எண்டோஸ்கோபி'. இஸ்ரேலில் ஏவுகணைத் தொழில்நுட்பத்தில் வேலை பார்த்த கேவ்ரியல் இடான் என்ற பொறியாளரின் யோசனை இது. 2001-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ இதற்கு அனுமதி கொடுத்தது.

நடுவில் 6 மீட்டர்!

வாய் வழியாக விடும் எண்டோஸ்கோபி, சிறுகுடலின் ஆரம்பம் வரைதான் போகும். கீழிருந்து விடும் கொலனோஸ்கோபி, சிறுகுடல் முடியும் இடத்தோடு நின்றுவிடும். நடுவில் சுமார் 6 மீட்டர் நீளத்துக்குச் சிறுகுடல் சுருண்டு கிடக்கிறது.

ஒருவருக்கு ஹீமோகுளோபின் குறைந்துகொண்டே போகிறது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை. இரண்டு ஸ்கோப்பிலும் 'நார்மல்' என்றே ரிப்போர்ட் வருகிறது. அப்படியென்றால் ரத்தம் எங்கே போகிறது? இங்கேதான் கேப்சூல் கேமரா களத்தில் இறங்குகிறது. சுமார் எட்டு மணி நேரத்தில் 50,000 படங்கள் வரை எடுத்துத் தள்ளும். அதில் ஏதோ ஒரு படத்தில் ரத்தம் கசியும் புண் மாட்டிக்கொள்ளும்.

சரி, கண்டுபிடிச்சாச்சு. ஆனால், அந்தப் புண் 6 மீட்டரில் எங்கே இருக்கிறது? சிகிச்சைக்கான நீண்ட ஸ்கோப்பை வாய் வழியாக விடுவதா, கீழிருந்து விடுவதா என்பது இந்தப் பதிலைப் பொறுத்ததுதான். தப்பான பக்கத்திலிருந்து போனால், புண் வரை போய்ச் சேராமலே திரும்ப வேண்டியிருக்கும். இன்னொரு நாள், இன்னொரு மயக்க மருந்து, இன்னொரு செலவு.

ஜி.பி.எஸ் வைக்க முடியாதா?

முடியாது. ஜி.பி.எஸ் சிக்னல் சுமார் 20,000 கி.மீ உயரத்திலிருந்து வருகிறது. கீழே வந்து சேரும்போதே ரொம்ப பலவீனமாகிவிடும். மீதியை, பெரும்பாலும் நீரால் ஆன நம் உடம்பு விழுங்கிவிடும். அப்படியே கிடைத்தாலும், ஜி.பி.எஸ் சில மீட்டர் முன்னே பின்னே காட்டும். நம்ம வயிறு மொத்தமே ஒரு மீட்டர் இல்லையே!

அதனால் டாக்டர்கள் முதலில் பார்ப்பது கடிகாரத்தை. கேப்சூல் சிறுகுடலுக்குள் நுழைந்த நேரம், பெருங்குடலுக்குள் விழுந்த நேரம் இரண்டும் படங்களைப் பார்த்தாலே தெரியும். புண் படம் எடுத்த நேரம் அதற்கு நடுவில் எங்கே வருகிறது என்று கணக்குப் போடுவார்கள்.

நைட் பஸ்ஸில் போகிறீர்கள். செங்கல்பட்டை 9 மணிக்குத் தாண்டியது, விழுப்புரம் வந்தது 11 மணிக்கு. 10 மணிக்கு ஜன்னலில் ஒரு டீக்கடையைப் பார்த்தீர்கள் என்றால், அது ஏறக்குறைய பாதி வழியில் இருக்க வேண்டும். ஆனால், பஸ் நடுவில் அரை மணி நேரம் மோட்டலில் நின்றிருந்தால்? கணக்கு காலி! கேப்சூலும் அப்படித்தான். குடல் தள்ளினால் நகரும், இல்லையென்றால் அங்கேயே நிற்கும்.

இன்னொரு வழி, வயிற்றின் மேல் சென்சார்களை ஒட்டுவது. எந்த சென்சாருக்கு சிக்னல் பலமாகக் கிடைக்கிறதோ, கேப்சூல் அதன் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இதிலும் சில சென்டிமீட்டர் பிசகும்.

அது போக, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை மேலிருந்து பாருங்கள். இரண்டு வளைவுகள் ஒட்டினாற்போலத் தெரியும். சாலையில் போனால்தான் தூரம் புரியும். குடலும் அப்படித்தான். வயிற்றில் எந்த இடம் என்பதைவிட, பாதையில் எத்தனையாவது வளைவு என்பதுதான் முக்கியம்.

காந்தம் சொல்லும் முகவரி

இதற்கு ஒரு புது வழியை அமெரிக்காவின் கால்டெக், எம்.ஐ.டி ஆய்வாளர்கள் 2023-ல் 'நேச்சர் எலெக்ட்ரானிக்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். ரேடியோ அலையைப்போல காந்தப்புலத்தை உடம்பு விழுங்குவதில்லை. எனவே, வெளியே ஒரு மின்காந்தச் சுருளை வைக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் காந்தப்புலம் பலமாக இருக்கும், தள்ளிப்போகப் போகக் குறையும். உள்ளே இருக்கும் மாத்திரை, தான் நிற்கும் இடத்தின் காந்த அளவை அளந்து, வயர்லெஸ்ஸில் வெளியே சொல்லிவிடும். உடம்பின் மேல் ஒட்டிய இன்னொரு சென்சாரோடு ஒப்பிட்டால், மாத்திரையின் இடம் மில்லிமீட்டர் கணக்கில் தெரிந்துவிடும்.

அந்தச் சுருளை முதுகுப் பையிலோ, டாய்லெட்டிலோகூடப் பொருத்தலாம் என்கிறார்கள். தீராத மலச்சிக்கல் உள்ளவருக்குக் குடல் எந்த இடத்தில் மெதுவாகிறது என்று கண்டுபிடிக்க, அடிக்கடி எக்ஸ்-ரே எடுக்காமல், வீட்டிலிருந்தபடியே பார்க்க இது உதவலாம். ஆனால், அந்த ஆய்வில் சோதித்தது பன்றிகளில்தான். நம்ம ஆஸ்பத்திரிக்கு நாளைக்கே வந்துவிடாது.

நீங்கள் முழுங்கப்போகிறீர்களா?

* வயிற்றில் ஆபரேஷன், ரேடியேஷன், 'கிரோன்ஸ்' நோய் என எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குடலில் குறுகலான இடம் இருந்தால் கேப்சூல் சிக்கலாம். சந்தேகம் இருந்தால், சிக்கினாலும் தானாகக் கரைந்துவிடும் ஒரு டம்மி கேப்சூலை முதலில் கொடுத்துப் பார்ப்பார்கள்.

* பெரும்பாலும் ஓரிரு நாளில் மலத்தோடு வந்துவிடும். வந்ததா என்று கவனியுங்கள். இரண்டு வாரம் ஆகியும் உறுதியாகவில்லை என்றால், எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

* வெளியே வந்துவிட்டது என்று உறுதியாகும் வரை எம்.ஆர்.ஐ ஸ்கேன் பக்கமே போகாதீர்கள்.

* வயிற்று வலி, வாந்தி என்றால் 'சரியாப் போயிடும்' என்று இருக்காமல் உடனே டாக்டருக்கு போன் போடுங்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும், 'என்ன இருக்கு டாக்டர்?' என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். 'எந்த இடத்துல இருக்கு, எந்தப் பக்கமா போய்ச் சரிபண்ணுவீங்க?' என்றும் கேளுங்கள். அடுத்த கட்ட சிகிச்சை தொடங்குவது அந்தப் பதிலில் இருந்துதான்.