நீரிறைக்கும் இயந்திரம் ஏன் திணறுகின்றது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்கின்ற மாரிமழை சுண்ணாம்புக் கற்பாறைகளினூடே இறங்கிக் கிணறுகளில் ஊறி நிற்கின்றது. அதனை மேலே கொண்டுவந்தாலன்றி வலிகாமத்துச் செம்பாட்டு நிலத்தில் வெங்காயமும் இல்லை, மிளகாயும் இல்லை, புகையிலையும் இல்லை. முன்னாளில் துலா மிதித்தும், சூத்திரத்தில் மாடு பூட்டியும் செய்த இவ்வேலையைச் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் மண்ணெண்ணெயில் ஓடும் சிறு இயந்திரங்கள் ஏற்றுக்கொண்டன. மின்சார மோட்டார்கள் இன்று பெருகிவிட்டன. எனினும் மின்கம்பி எட்டாத தோட்டங்களிலும், மின்சாரம் தடைப்படும் நாட்களிலும் அந்தப் பழைய இயந்திரமே கைகொடுக்கின்றது.

அவ்வியந்திரம் இறைப்பு முறை வந்த நாளிலே, பாதிப் பாத்தி நனையுமுன் இருமத் தொடங்குகின்றது. வேகத்தைக் குறைத்தால் தடுமாறி நின்றுவிடுகின்றது. கூட்டினால் வலுவின்றி முனகுகின்றது. உடனே பலரும் செய்வது காபரேற்றரின் திருகாணியில் கை வைப்பதுதான். நாடி பாராமல் மருந்தை மாற்றுவது போன்ற வேலை அது.

நேயர்கள் முதலில் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். மண்ணெண்ணெய் வலுக்குறைந்த எரிபொருள் என்று நம்மவரிடையே ஒரு எண்ணம் உண்டு. அது சரியன்று. ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் அடங்கியுள்ள வெப்பம், ஒரு லீற்றர் பெற்றோலில் உள்ளதிலும் சற்றுக் கூடுதலே. குறை வேறிடத்தில் உள்ளது. சிலிண்டருக்குள் எரிவது திரவம் அன்று, ஆவி. பெற்றோல் நமது காலைக் குளிரிலும் தானாகவே ஆவியாகும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகை செல்சியஸுக்கு மேற் சூடேறினாலன்றித் தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடாது. இயந்திரத்தில் அது செம்மையாக எரிவதற்கு அதனிலும் மிகுந்த சூடு தேவை. சூடு போதாதவிடத்து அது சிறு துளிகளாகவே உட்சென்று குழாய்ச் சுவரிற் படிகின்றது. ஒரு சுற்றுக்கு எரிபொருள் மிகுதி, மறு சுற்றுக்குப் போதாமை. இதுவே நாம் கேட்கும் இருமல். வேகத்தைக் குறைக்கும்போது காற்றின் விரைவும் சூடும் ஒருங்கே குறைவதால், இருமல் அப்பொழுது அதிகமாகின்றது. ஆகவே மண்ணெண்ணெய் இயந்திரத்தை வேலையின்றி மெதுவாக ஓடவிட்டு வைத்தல் தகாது.

இந்த உண்மையை நமது மக்கள் பாடநூலிற் படித்தறியவில்லை. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அத்தடை 2002ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் மோட்டார்ச் சைக்கிள்களும், மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு குப்பியில் பொன்போற் காத்துவைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு முடுக்கி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெண்புகையும் நாற்றமும் தெருவெங்கும் பரவும். ஆனால் வண்டி ஓடிற்று. பிரித்தானியாவில் 1949ஆம் ஆண்டு வெளிவந்த பெர்குசன் உழவு இயந்திர வகையொன்றும் இதே முறையிலேயே அமைக்கப்பட்டிருந்தது: பெற்றோலில் முடுக்கிச் சூடேற்றுவது, பின்னர் மண்ணெண்ணெயை ஒத்த ஓர் எண்ணெய்க்கு மாற்றுவது. அங்கே தொழிற்சாலை செய்ததை இங்கே ஒழுங்கைதோறும் இருந்த மெக்கானிக்குமார் செய்தார்கள்.

இனி, இயந்திரத்தின் அருகே செல்வோம். அதில் இரு தாங்கிகள் உள்ளன. சிறியது பெற்றோலுக்கு, பெரியது மண்ணெண்ணெய்க்கு. இந்த இரு தாங்கிகளே நமக்கு முதல் வைத்தியர். இயந்திரத்தைப் பெற்றோலிற் சில நிமிடம், நீர் இறைத்துக்கொண்டிருக்கும்போதே, ஓட்டிப் பார்க்க வேண்டும். பெற்றோலிற் செவ்வையாக ஓடி மண்ணெண்ணெயில் மட்டும் திணறுமானால், குற்றம் சூட்டிலோ மண்ணெண்ணெயிலோ அது வரும் வழியிலோ உள்ளது. இரண்டிலும் திணறுமானால் பிளக், காற்று, வால்வு, அமுக்கம் ஆகியவற்றை ஆராய வேண்டும். ஒரு திறப்பைத் திருப்புவதால் ஐயத்திற் பாதி நீங்கிவிடுகின்றது. இச்சோதனையைச் செய்யாது இயந்திரத்தைக் கழற்றுவோர் பொழுதையும் பணத்தையும் வீணாக்குகின்றனர்.

மண்ணெண்ணெயில் மட்டுமே திணறும் இயந்திரத்திற்கு, ஐந்து நிமிடமாவது பெற்றோலிற் பாரத்துடன் ஓடிய பின்னரே மாற்றம் செய்ய வேண்டும். பெற்றோலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி அரை நிமிடத்தில் மாற்றுவதே பெரும்பாலான இருமலுக்குக் காரணம். நிறுத்துமுன்னும் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது ஓடவிட்டால், காபரேற்றரிற் பெற்றோலே தங்கும்; மறுநாள் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலிக்க வேண்டியதில்லை. அதன்பின்னும் குறை தீராவிடின், தாங்கியின் அடியிலிருந்து சிறிது மண்ணெண்ணெயைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்துக் கால் மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். நீர் கலந்திருந்தால் அது அடியிற் படிந்து வரம்பு கட்டி நிற்கும்.

இரண்டிலும் திணறும் இயந்திரத்தில் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முனை செங்கல் தூள் போன்ற நிறமாயிருந்தால் நன்று. கரி படிந்து ஈரமாயிருந்தால், எரிபொருள் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. நமது செம்பாட்டுப் புழுதி காற்று வடியை அடைத்துக்கொள்வது மிகச் சாதாரணம். வடியின் பஞ்சைச் சவர்க்கார நீரிற் கழுவி, நன்கு உலர்த்தி, இரு துளி எண்ணெய் தடவிப் போட வேண்டும். முனை வெளுத்திருந்தால், காபரேற்றருக்கும் சிலிண்டருக்கும் இடையே எங்கோ களவாகக் காற்று நுழைகின்றது. பெரும்பாலும் கிழிந்த கஸ்கெற் அல்லது தளர்ந்த ஆணி. ஓடும்போது அம்மூட்டில் ஒரு துளி தடித்த எண்ணெயை விட்டாற் சத்தம் மாறும். அவ்விடமே குற்றவாளி.

பாரம் ஏறும்போது சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி கேட்டால், அது வேறு நோய். மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது; உரிய நேரத்திற்கு முன்னரே வெடித்தெரியும். சிலிண்டர்த் தலையிற் படிந்த கரியைச் சுரண்டி எடுப்பதும், தீப்பொறி நேரத்தைச் சிறிது பிந்தச் செய்வதும் இதற்குப் பரிகாரம்.

எண்ணெய் மட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மட்டம் குறையாமல் இருந்தால், அல்லது ஏறியிருந்தால், மகிழ்ந்துவிடக் கூடாது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எண்ணெயோடு கலந்துள்ளது என்பதே அதன் பொருள். விரலில் தொட்டு முகர்ந்தாற் தெரியும். நீர்த்துப்போன எண்ணெய் தேய்மானத்தைத் தடுக்காது. வளையம் தேய்ந்தால் அமுக்கம் குறையும். அமுக்கம் குறைந்தால் வலு போகும். ஆகையாற் பெற்றோல் இயந்திரத்திலும் பார்க்க அடிக்கடி எண்ணெயை மாற்ற வேண்டும். கழித்த எண்ணெயைக் கிணற்றடியில் ஊற்றுவோரும் உளர். நமது சுண்ணாம்புப் பாறை அதனை வடித்து நிறுத்தாது. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று 2019ஆம் ஆண்டிலேயே தீர்ப்பைக் கண்டது. மண்ணெண்ணெயோ முன்போல் மலிவானதுமன்று. 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியதை எந்தக் கமக்காரரும் மறந்திருக்கமாட்டார். எரியாமல் எண்ணெயிற் கலப்பது அந்தக் காசுதான்.

இத்தனையும் சரியாயிருந்தும் வாய்க்காலில் நீர் மெலிந்து வருமாயின், இயந்திரத்தின் மீது பழி சுமத்துமுன் சத்தத்தைக் கவனியுங்கள். பாரம் தாங்காமல் முனகினால் இயந்திரக் குறை. தங்குதடையின்றி இரைந்து ஓடியும் நீர் வரவில்லையானால், உறிஞ்சு குழாயில் வெடிப்பு, அல்லது அடிவால்விற் குப்பை, அல்லது நீர்மட்டம் இறங்கிவிட்டது. எந்தப் பம்பியும் நீரை உண்மையிற் 'பிடித்து இழுப்பதில்லை'; வெளிக்காற்றின் அழுத்தமே அதனை மேலே தள்ளுகின்றது. கணக்கின்படி அது 10 மீற்றருக்குச் சற்று மேல். நடைமுறையில் ஆறு, ஏழு மீற்றருக்கு அப்பால் நம்ப முடியாது. ஆவணி, புரட்டாதியில் மட்டம் அதற்குக் கீழே போகும் கிணறுகள் உண்டு.

அப்பொழுதுதான் சிலர் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்குகின்றனர். இது உயிர்போகும் செயல். செவ்வையாக எரியாத எந்த எரிபொருளும் கார்பன் மொனொக்சைட்டு என்னும் நஞ்சு வாயுவை மிகுதியாக வெளியிடும். இருமுகின்ற இயந்திரமே அதனை அதிகம் கக்குவது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. வெளிநாட்டுப் பண்டகசாலைகளிற் பாரந்தூக்கும் வண்டிகள் பல புறொப்பேன் வாயுவில் ஓடுகின்றன. அங்கேயும் கதை ஏறத்தாழ இதுவே: திரவமாக வரும் புறொப்பேனை இயந்திரத்தின் சுடுநீர் ஆவியாக்க வேண்டும், சுடுநீர் குறைந்தால் ஆவியாக்கி உறைபனி பூத்து, வண்டி தடுமாறி வலுவிழக்கும். எரிபொருளும் காற்றும் அளவு தவறி ஓடும் அவ்வண்டிகளின் புகையால் மூடிய கட்டடங்களில் தொழிலாளர் மயங்கி வீழ்ந்ததுண்டு. கிணறோ, காற்றோட்டம் இல்லாத பண்டகசாலையிலும் மோசமானது. கீழே ஒருவர் மயங்கியதைக் கண்டு அடுத்தவர் பதறி இறங்குவதும், அவரும் மீளாமற் போவதும், அவரைத் தேடி மூன்றாமவர் இறங்குவதும் நாம் பத்திரிகைகளில் மீண்டும் மீண்டும் படித்த செய்தி. அவ்வேளையில் எவரும் இறங்கலாகாது. இயந்திரத்தை மேலிருந்தே நிறுத்த வழியிருந்தால் நிறுத்த வேண்டும்; அயலாரைக் கூவி அழைத்து, மூச்சுக் கருவியுடன் வருவோருக்கு உடன் அறிவிக்க வேண்டும். கீழே உள்ளவருக்கு அறிவு இருந்தால் மட்டுமே கயிறு பயன்படும்.

நீர்மட்டம் எட்டாத கிணற்றுக்கு நீரில் மூழ்கி ஓடும் மின்பம்பி ஏற்றது. அது புகை விடுவதில்லை. மின்சாரம் எட்டாத தோட்டமாயின், மண்ணெண்ணெய் இயந்திரம் கிணற்றுக்கட்டின் மேலே, காற்று கிணற்றைக் கடந்து செல்லும் பக்கத்தில், புகைக்குழாய் கிணற்றுக்குப் புறங்காட்டி நிற்கும்படியே வைக்கப்பட வேண்டும். அங்கிருந்து எட்டாத நீரை மாரி வரும் வரை விட்டுவைப்பதன்றி அந்த இயந்திரத்தினால் ஆவது ஒன்றுமில்லை.