கயிற்றில் தொங்கிய உயிர்கள்

ஓமந்தூர்ப் பக்கத்தில் குகை எங்கே என்று கேட்டால், திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் மலையைக் காட்டுவார்கள். ஆதி மனிதன் பாறையில் கீறிய உருவங்களைப் பார்த்துவிட்டுச் சாவதானமாகத் திரும்பலாம்.

கொடைக்கானல் குகை அத்தகையதன்று. வெள்ளைக்காரர்கள் அதைப் 'பிசாசின் அடுக்களை' என்றார்கள். 1991-ல் வந்த சினிமாவுக்குப் பின் அது 'குணா குகை' ஆயிற்று. (பெயர் மாற்றுவதில் சினிமாவுக்குள்ள சக்தி சர்க்காருக்கு ஏது!) பாறைகளுக்கிடையே பாதாளப் பிளவுகள், ஈரத்தில் பாசி படிந்து கால் வழுக்கும்.

2006-ல் கொச்சியை அடுத்த மஞ்ஞும்மலிலிருந்து உல்லாசப் பிரயாணம் வந்த வாலிபர்களில் ஒருவர் அப்பிளவொன்றில் விழுந்துவிட்டார். சிநேகிதர் ஒருவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு அந்த இருளில் இறங்கினார்.

குகையில் இறங்கும் வித்தை பயின்றவர்கள் இடுப்பிலும் தொடையிலும் வார் பூட்டி, அதில் ஓர் உலோகக் கருவியை மாட்டி, அதனூடே கயிற்றை விடுவார்கள். உராய்வினால் வேகம் அடங்கும். கூரிய பாறை விளிம்பில் கயிறு தேய்ந்து அறாதபடி தடித்த துணியும் வைப்பதுண்டு. அவ்வாலிபரோ இந்த வித்தை பயின்றவரல்லர்; மேலே கயிற்றைப் பற்றியிருந்த கைகளை நம்பியே இறங்கினார். விழுந்தவரைத் தம்மோடு பிணைத்துக்கொண்டு மேலேறினார், இருவரும் பிழைத்தனர்.

2024-ல் அச்சம்பவம் மலையாளத்தில் சினிமாவாக வந்தது. பார்க்கச் செல்வோர் வேலிக்கு இப்பால் நின்றே பார்க்கலாம்.