மாயாவியைப் படிக்கும் தம்பியே, உன் ஊர் வீரன் எங்கே?

வலது கை இரும்பு. உடம்பில் கரன்ட் பாய்ந்தால் ஆள் மாயம்! அந்த இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதந்து வரும்.

யார் அது?

ஐம்பது வயதைத் தாண்டிய மளிகைக் கடைக்காரரைக் கேளுங்கள். தராசைப் பிடித்தபடியே பதில் சொல்வார். "இரும்புக்கை மாயாவி!"

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை... தோலையும் ஷூவையும் நம்பிப் பிழைக்கும் இந்த ஊர்களிலும் மாயாவிக்கு ரசிகர்கள் உண்டு. ஸ்பைடருக்கும் ஆர்ச்சிக்கும் உண்டு. இன்றைய பேட்மேன், ஸ்பைடர்மேனுக்கும் உண்டு.

அவர்களில் சிலருக்கு, படித்து முடித்த கையோடு ஓர் ஆசை வரும். "நாமளும் இப்படி ஒண்ணு எழுதினா இன்னா?"

அந்த ஆசை வந்தவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

திட்டு வாங்கித் தந்த புத்தகம்

காமிக்ஸ் ரசிகனின் வாழ்க்கை சுகமானது அல்ல.

"இன்னாடா இது, பொம்மை புக்கு? இது சோறு போடுமா? பாடப் புஸ்தகத்தை எடுடா!" இந்த அர்ச்சனையைக் கேட்காத ரசிகன் இருக்க முடியாது.

பாடப் புத்தகத்துக்குள் மறைத்துப் படிக்க வேண்டும். பழைய பேப்பர் கடையில் மூட்டையைக் கிளற வேண்டும். நண்பனிடம் இரவல் கொடுத்தால் திரும்பி வராது. திரும்பி வந்தால் அட்டை இருக்காது. அட்டை இருந்தால் கடைசிப் பக்கம் இருக்காது!

கடைசிப் பக்கம் கிழிந்த கதைக்குத் தானே ஒரு முடிவு கட்டிக்கொள்வான் பையன். பல பேருக்கு எழுத்து ஆசை தொடங்குவதே அங்கேதான்.

சிவகாசியில் பிறந்த மாயாவி

மாயாவி நம்ம ஊர்க்காரர் அல்ல. 1962-ல் இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையில் பிறந்தவர். படம் வரைந்தவர் ஜீசஸ் பிளாஸ்கோ, ஸ்பெயின் நாட்டு ஓவியர்.

ஆனால் அவரைத் தமிழ் பேச வைத்தது சிவகாசி. 1972-ல் சவுந்தரபாண்டியன் தொடங்கிய 'முத்து காமிக்ஸ்' இதழின் முதல் கதையே 'இரும்புக்கை மாயாவி'தான். லண்டன் சரக்கு, சிவகாசி அச்சு. தமிழ்நாடு முழுக்கப் பையன்கள் கையில் பறந்தது.

பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம். இந்த மூன்றும்தான் சிவகாசியின் பிழைப்பு. அச்சு இயந்திரம் கையருகே இருந்ததால் அந்த ஊரில் காமிக்ஸ் பிறந்தது. கையில் இருப்பதை வைத்துத் தொடங்கினார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரசிகன் ஆசிரியர் ஆனார்

அதே வீட்டில் இன்னொரு கதை நடந்தது.

சவுந்தரபாண்டியனின் மகன் விஜயன், காமிக்ஸ் படித்தே வளர்ந்தவர். 1984-ல், மீசை அரும்பும் வயதிலேயே 'லயன் காமிக்ஸ்' என்று தனியாக ஓர் இதழைத் தொடங்கினார்.

முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. பிறகு வந்தார் ஸ்பைடர். 'எத்தனுக்கு எத்தன்' என்ற கதையில் குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாக நுழைந்த அந்த ஸ்பைடர், பிறகு நல்லவராகத் திருந்தித் தமிழ்ப் பையன்களை ஆட்டிப் படைத்தார். அதே 1984-ல்தான் 'ராணி காமிக்ஸ்' இதழும் வந்தது. கடைக் கயிற்றில் காமிக்ஸ்களுக்குள் பலத்த போட்டி!

பிறகு இறங்குமுகம். வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது. ராணி காமிக்ஸ் நின்றது. லயனும் முத்துவும் வருவதும் வராமல் போவதுமாகத் தள்ளாடின. ஆனால் விஜயன் விடவில்லை. 2012 ஜனவரியில் பளபளக்கும் தாளில், வண்ணத்தில் மறுபடி இறங்கினார். பழைய ரசிகர்கள் தொப்பையும் நரையுமாகத் தேடி வந்து வாங்கினார்கள்.

தன் அனுபவங்களை 'சிங்கத்தின் சிறு வயதில்' என்ற தலைப்பில் இதழிலேயே தொடராகவும் எழுதினார். ரசிகன், ஆசிரியர், எழுத்தாளர்... மூன்றும் ஒரே ஆள்.

குமிழுக்குள் அடங்கும் தமிழ்

எழுத ஆசைப்படுகிறவர்கள் இங்கே ஒரு தொழில் ரகசியம் கற்கலாம்.

காமிக்ஸில் பாத்திரங்கள் பேசுவது ஒரு குமிழுக்குள். அந்தக் குமிழ் இங்கிலீஷ் வசனத்துக்காக வரையப்பட்டது. இங்கிலீஷில் மூன்றே எழுத்தில் 'ரன்' என்று முடிந்துவிடும். நாம் 'ஓடிவிடுங்கள்' என்றால் குமிழ் வெடித்துவிடும்! 'ஓடு!' என்று போட வேண்டும்.

இடமும் சிறிசு, நேரமும் சிறிசு. அதற்குள் கோபமும் வர வேண்டும், சிரிப்பும் வர வேண்டும். படத்தில் தெரிவதை வசனத்தில் சொல்லக் கூடாது. மாயாவி மின்கம்பியைத் தொடுவது படத்தில் தெரிகிறது. 'நான் இப்போது மின்கம்பியைத் தொடுகிறேன்' என்று அவரே சொன்னால் ரசிகன் சிரிப்பான்.

இந்தப் பயிற்சிக்குக் காசு வேண்டாம். பழைய காமிக்ஸ் ஒன்றை எடுங்கள். வசனத்தின் மேல் தாள் ஒட்டி, சொந்த வசனம் எழுதிப் பாருங்கள். பத்துப் பக்கம் முடிப்பதற்குள் வளவளா எழுத்து ஓடிப்போகும்.

130 டாலருக்குப் போன சூப்பர்மேன்

ஒரு சோகக் கதையும் இருக்கிறது. எழுதுகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது.

சூப்பர்மேனை உருவாக்கியவர்கள் இரண்டு அமெரிக்க இளைஞர்கள். எழுதியவர் ஜெர்ரி சீகல். வரைந்தவர் ஜோ ஷஸ்டர். இருவருமே கதைப் பத்திரிகைப் பித்தர்கள். 1938-ல் சூப்பர்மேன் வெளிவந்தபோது, அதன் உரிமையை மொத்தமாக எழுதிக் கொடுத்து வாங்கிய தொகை எவ்வளவு தெரியுமா?

வெறும் 130 டாலர்! அதையும் இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

சூப்பர்மேன் கோடி கோடியாகச் சம்பாதித்தார். சீகலோ பிற்காலத்தில் லாஸ் ஏஞ்சல்சில் குமாஸ்தா வேலை பார்த்தார். ஷஸ்டருக்குக் கண் பார்வை மங்கியது. ஊரறியப் போராடிய பிறகு 1975-ல்தான் ஆளுக்கு ஆண்டுக்கு 20 ஆயிரம் டாலர் என்று ஒரு தொகை கிடைத்தது. அவர்கள் பெயரும் மறுபடி அச்சில் ஏறியது.

சூப்பர்மேன் வந்த அந்த முதல் இதழின் ஒரே ஒரு பிரதி, 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது என்பது குறிப்பிடத்தக்கது!

இதில் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. 1960-களில் இதே சீகல்தான் இங்கிலாந்துப் பத்திரிகைக்காக ஸ்பைடர் கதைகளை எழுதினார். சிவகாசி வழியாக நம் பையன்களைக் கட்டிப்போட்ட அதே ஸ்பைடர்! எழுதியவர் பெயர் நமக்குத் தெரியாமலே படித்துத் தள்ளினோம்.

ஆகவே தம்பி, கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார். நம் நாட்டில் 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் இருக்கிறது. உரிமையைக் கொடுப்பதென்றால் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று பத்திரத்தில் எழுதாவிட்டால், ஐந்து ஆண்டுதான் என்று சட்டம் சொல்கிறது. எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு வரை உரிமை வாரிசுகளுக்கு உண்டு.

ஒரு சிறுமியைப் பார்த்தார்

சரி, எதை எழுதுவது?

லயனின் முதல் நாயகி மாடஸ்டி பிளைசி பிறந்த கதையைக் கேளுங்கள். அவர் முதலில் வந்தது ஒரு மாலைப் பத்திரிகையில்! 1963-ல் லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்டு' இதழில்.

எழுதியவர் பீட்டர் ஓ'டானல். இரண்டாம் உலகப் போரில் சிப்பாயாகப் பாரசீகத்தில் இருந்தபோது, அகதிச் சிறுமி ஒருத்தியைப் பார்த்தார். தன்னந்தனியாக நடந்து போன பெண். பயம் இல்லை, கெஞ்சல் இல்லை. அந்த முகம் மனதில் தங்கியது. இருபது ஆண்டு கழித்து அவளே மாடஸ்டி ஆனாள்.

வீரன் ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லை. தெருவில் நடந்து போகிறான். பார்க்கத்தான் கண் வேண்டும்.

2021-ல் வந்த மலையாளப் படம் 'மின்னல் முரளி'யில், இடி தாக்கிச் சக்தி பெறுகிறவன் ஒரு தையல்காரன். 2023-ல் வந்த 'மாவீரன்' படத்தில் நாயகன் பத்திரிகையில் படக்கதை வரைகிற பயந்தாங்கொள்ளி. எதிரியோ வேற்றுக் கிரகவாசி அல்ல. விரிசல் விடும் அடுக்குமாடிக் குடியிருப்பும், அதைக் கட்டியவர்களும்தான். ஜனங்கள் ரசித்தார்கள்.

ரசாயனத் தொட்டி

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10-ம் தேதி சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தார்கள். காரணங்களில் ஒன்று, புதிய தலைப்பாகையில் வெள்ளைக்காரன் வைத்த தோல் குஞ்சம். தோல் ஊர்களுக்கு நடுவே, தோலுக்காக வெடித்த கலகம்! படக்கதைக்கு இதைவிடவா முதல் பக்கம் வேண்டும்?

பாலாற்றைப் பாருங்கள். டேனரிக் கழிவால் ஆறும் கிணறும் கெட்டன. பொது நல அமைப்பு ஒன்று 1991-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996-ல் புகழ்பெற்ற தீர்ப்பு வந்தது. 'கெடுத்தவனே ஈடு கட்டு' என்றது கோர்ட்டு. 2025 ஜனவரியிலும் அதே பாலாற்றுக்காக அதே கோர்ட்டு மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

முகமூடி இல்லை, பறக்கும் சக்தி இல்லை. கையில் மனு மட்டும் வைத்துக்கொண்டு அத்தனை ஆண்டு நடந்தவர்கள் வீரர்கள் இல்லையா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.

அமெரிக்கக் காமிக்ஸில் ரசாயனத் தொட்டியில் விழுந்தவன் செத்துப்போக மாட்டான். வீரனாகவோ வில்லனாகவோ எழுந்து வருவான். பேட்மேனின் எதிரி ஜோக்கர் அப்படி வந்தவன்தான்.

2015 ஜனவரி 31, விடியாத நேரம். ராணிப்பேட்டையில் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் ரசாயனச் சேறு பாய்ந்தது. பிழைப்புத் தேடி வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள் உட்பட 10 பேர் செத்தார்கள்.

ஒருவரும் எழுந்து வரவில்லை.

இந்த ஊர்க்காரன் எழுதினால்தான் இந்த வித்தியாசம் தெரியும். நியூயார்க்கில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்குத் தெரியாது. மாயாவியின் கை போனதும் வேலை செய்த இடத்து விபத்தில்தான். ஆராய்ச்சிக்கூட உதவியாளர் அவர். இயந்திரத்தில் விரலைக் கொடுத்தவர்கள் வாழும் ஊரில் இருக்கிற பையனுக்கு அந்த இரும்புக் கையின் கனம் மற்றவர்களைவிட நன்றாகவே புரியும்.

ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு விடிந்தும் விடியாமலும் பஸ் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உச்சி வெயிலில் உப்புப் போட்ட தோலைச் சுமக்கிறவர்கள் உண்டு. தமிழும் உருதும் தெலுங்கும் ஒரே டீக்கடை பெஞ்சில் பேசுகிற ஊர் இது. இவர்களில் ஒருவர்கூட இன்னும் படக்கதையில் ஏறவில்லையே!

நாலு பக்கம் போதும்

பெரிய காவியம் வேண்டாம். முதலில் நாலு பக்கம். பக்கத்துக்கு ஆறு கட்டம். மொத்தம் 24 படம். எழுதத் தெரிந்தவன் வரையத் தெரிந்தவனைப் பிடிக்க வேண்டும். சீகலும் ஷஸ்டரும் பள்ளிக்கூடச் சிநேகிதர்கள்தான். ஒவ்வொரு கட்டத்திலும் யார் எங்கே நிற்கிறார், என்ன செய்கிறார் என்று ஒரே வரியில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகுதான் வசனம்.

இது சோறு போடுமா? உடனே போடாது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மாதச் சம்பள வேலையை விட்டுவிட்டு இதில் குதிக்க வேண்டாம். வேலை முடிந்து வந்து, ராத்திரி ஒரு மணி நேரம் போதும்.

அப்பா திட்டினால் திட்டட்டும். முதல் கதையின் முதல் பக்கத்தில் ஒரு காரியம் மட்டும் மறக்காமல் செய்துவிடு தம்பி.

உன் பெயரைப் போடு. கீழே உன் ஊர்ப் பெயரையும் போடு!