கழுத்துக் காயமும் தொழிலாளர் இழப்பீடும்

வேலையின்போது கழுத்தில் ஏற்படும் காயம் தொழிலாளியின் உழைக்கும் திறனைக் குறைத்தால், அதற்கு ஈடாக வேலையளிப்பவர் தரவேண்டிய தொகையே தொழிலாளர் இழப்பீடு. காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி செல்லும் வழியில் உள்ள புதுவயல், அரிசி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற பேரூராட்சி. நெல் மூட்டையை லாரியிலிருந்து இறக்குவதும் அரிசி மூட்டையை ஏற்றுவதும் இத்தகைய ஆலைகளில் சுமைதூக்குவோரின் வேலை. சும்மாடு வைத்துத் தலையிலோ, பிடரியும் முதுகும் சேரும் இடத்திலோ மூட்டையைத் தாங்குவதால் பளு கழுத்தெலும்புகளை அழுத்துகிறது.

கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள்ளன; அங்கிருந்து 8 இணை நரம்புகள் புறப்படுகின்றன. எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி தோளில் தொடங்கிக் கைவிரல் வரை ஓடும், விரல்கள் மரத்துப்போகும். பெரும்பாலோருக்கு இது அறுவை சிகிச்சை இல்லாமலே சில வாரங்களில் அல்லது மாதங்களில் தணிகிறது. ஆனால் சட்டைப் பொத்தானைப் போட முடியாமை, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் அடக்க இயலாமை ஆகியவை தண்டுவடமே அழுந்துவதன் அறிகுறிகள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கழுத்துப்பட்டையை மாதக்கணக்கில் அணிந்திருப்பது நல்லதென்று பலர் நம்புகின்றனர். உண்மையில் அது கழுத்துத் தசைகளைத் தளரச் செய்கிறது.

எவ்வளவு சுமை?

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை, வளர்ந்த ஆண் ஒருவர் வழக்கமாகத் தூக்கும் சுமைக்கு 55 கிலோவை உச்ச அளவாகக் கூறுகிறது. 75 கிலோ நெல் மூட்டை இதைவிட 20 கிலோ கூடுதல். 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவும் காயம் விளைவிக்கக்கூடிய அளவு பளுவைத் தூக்கவைப்பதைத் தடுத்தது.

இழப்பீடு கணக்கிடப்படும் முறை

1923இல் இயற்றப்பட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 2010 முதல் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என வழங்கிவந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 அதை உள்வாங்கிக்கொண்டது. கணக்கின் அடிப்படை மாறவில்லை. முழுமையான நிரந்தர ஊனத்துக்கு மாதக்கூலியில் 60 விழுக்காட்டை, வயதுக்குரிய காரணியால் பெருக்கவேண்டும். 40 வயதுக்கு அக்காரணி 184.17. மாதம் 12,000 ரூபாய் ஈட்டியவருக்கு 7,200 × 184.17 = 13,26,024 ரூபாய். உழைக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு என்றால் அதில் 30 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 3,97,807 ரூபாய்.

சிக்கல் அந்த 30 என்ற எண்ணில்தான் இருக்கிறது. விரல், கை, கண் இழப்புகளுக்குச் சட்ட அட்டவணையே விழுக்காட்டைத் தருகிறது. கழுத்து வலிக்கு அப்படி இல்லை. தகுதிபெற்ற மருத்துவர் மதிப்பிடவேண்டும். மருத்துவர் அளப்பது பெரும்பாலும் உடல் ஊனத்தை. சட்டம் கேட்பதோ உழைத்து ஈட்டும் திறனின் இழப்பை. இரண்டும் ஒன்றல்ல. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், இடக்கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சரால் இனித் தச்சுவேலை செய்ய முடியாது என்பதால், அவரது இழப்பு 100 விழுக்காடு என்பதை 1975இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. மூட்டை தூக்குவதைத் தவிர வேறு வேலை அறியாதவரின் கழுத்துக்கும் இதே வாதத்தை வைக்கலாம்.

“இது வயதுத் தேய்மானம்” என்பது எதிர்த்தரப்பில் வழக்கமாக எழும் பதில். தேய்மானம் இருப்பதாலேயே உரிமை போய்விடாது. வேலையின் பளு அதை முற்றச் செய்தது என்று காட்டினால் போதும். அதைக் காட்டுவது எளிதன்று. எனவே முதல் நாளே மருத்துவரிடம் எங்கே, எந்த வேலையில், எப்படி அடிபட்டது என்று சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்வது முக்கியம். “வீட்டில் விழுந்துவிட்டேன்” என்று முதலாளிக்காகச் சொல்லும் பொய் பின்னர் வழக்கையே கவிழ்த்துவிடும். கூலிச் சீட்டு இல்லாதவர்கள் கூலி எழுதிய நோட்டையும் உடன் வேலை செய்தவர்களின் சாட்சியத்தையும் காட்டலாம். மேஸ்திரியின் ஆள் என்று ஆலை கைவிரிக்க முடியாது. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் முதன்மை வேலையளிப்பவர் பொறுப்பு என்று 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு கூறியது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய தாளும் செல்லாது.

“பளு தூக்காதே” என்ற சீட்டு

குணமாகும் காலத்தில் மாதக்கூலியில் 25 விழுக்காடு, அரைமாதத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் 5 ஆண்டுகள் வரை உண்டு. 12,000 ரூபாய் கூலிக்கு இது 15 நாளுக்கு 3,000 ரூபாய். மூட்டை தைப்பது, எடை பார்ப்பது போன்ற இலகுவேலையில் சேர்ந்தால், பழைய கூலிக்கும் புதிய கூலிக்குமான வேறுபாட்டில் பாதியை அந்தத் தொகை மிஞ்சக்கூடாது. ஆனால் இலகுவேலை தந்தே ஆகவேண்டும் என்று இச்சட்டம் எங்கும் சொல்லவில்லை. இது பெரிய குறை. மருத்துவரின் சீட்டில் “ஓய்வு தேவை” என்று மட்டும் இருந்தால் பயன் குறைவு. எத்தனை கிலோ வரை, தலைக்கு மேல் கை தூக்கலாமா, எத்தனை வாரம் என்று எழுதி வாங்கினால் பேச ஒரு பிடி கிடைக்கும்.

ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர்கள் முதலாளியிடம் இந்த இழப்பீட்டைக் கோர முடியாது. அத்திட்டத்திலிருந்தே சராசரிக் கூலியில் சுமார் 90 விழுக்காடு தற்காலிக ஊனப் பயனாகவும், நிரந்தரக் குறைக்கு மாதாந்தரத் தொகையாகவும் பெறுவர். தற்காலிக ஊனப் பயன் பெறும் காலத்தில் அவர்களை வேலையிலிருந்து நீக்க 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு தடை விதித்திருந்தது. காப்பீடு இல்லாதவர்கள் தொழிலாளர் துறையில் இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கும் அதிகாரியிடம் விபத்து நடந்த 2 ஆண்டுகளுக்குள் மனு செய்யவேண்டும். உரிய தொகை ஒரு மாதத்துக்குள் தரப்படாவிட்டால் 12 விழுக்காடு வட்டி சேரும். தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையெனில் தொகையில் பாதிவரை அபராதமும் விதிக்கலாம்.