ஓடாத வண்டிக்கும் வயதாகும்

"ஒரு வருஷத்துல ரெண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடல தம்பி. எதுக்கு ஆயில் மாத்தணும்?"

கேட்டவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வாரண்டி முடிந்ததிலிருந்து தெருமுனைப் பட்டறைக்குத்தான் காரைக் கொண்டுவருகிறார். மெக்கானிக் டிப்ஸ்டிக்கை உருவிப் பழைய துணியில் துடைத்தபடியே சொன்னார்: "ஓடாததாலதான் சார் மாத்தணும்."

கேட்பதற்கு விடுகதைபோல இருந்தாலும், வேதியியல் மெக்கானிக்கின் பக்கம்தான். பல பெட்ரோல் கார்களின் கையேட்டில் '10,000 கி.மீ. அல்லது ஓர் ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது' என்றிருக்கும். நாம் கிலோமீட்டரை ஞாபகம் வைத்துக்கொண்டு ஆண்டை மறந்துவிடுகிறோம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலின் ஹைட்ரஜனும் காற்றின் ஆக்சிஜனும் சேர்வதால் வரும் தண்ணீர் அது. பெரும்பகுதி ஆவியாகி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங் இடுக்கில் கசிந்து ஆயிலோடு கலக்கும். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியில் ஆயில் நன்றாகக் காய்ந்து அந்த ஈரத்தை விரட்டிவிடும். கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் போய்வரும் வண்டியிலோ, ஆயில் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடுகிறது. தங்கிப்போன ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலைக் கெடுக்கின்றன. அமிலத்தை முறிக்க அதில் சேர்த்திருக்கும் பொருள்களும் மெல்லத் தீர்ந்துபோகின்றன.

ஆயில் கறுத்திருப்பதை மட்டும் வைத்து அது கெட்டுவிட்டதாகச் சொல்ல முடியாது. கரியைத் தன்னுள் மிதக்கவிட்டுப் பிடித்துக்கொள்வது நல்ல ஆயிலின் வேலை. அதனால் மெக்கானிக் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மோர் உறைந்ததுபோல வெளுத்த பிசுக்கு. தண்ணீர் கலந்ததன் அடையாளம் அது. கூலன்ட்டும் குறைந்திருந்தால் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். இந்த வண்டியில் குறையவில்லை. ஆக, குறுகிய ஓட்டத்தின் ஈரம்தான்.

பிரேக் ஆயிலின் கதை இன்னும் விபரீதம். பெயரில்தான் ஆயில், பெரும்பாலான கார்களில் அது கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். மழைக்காலத்து உப்பு ஜாடிபோலக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வண்டி ஷெட்டில் நின்றாலும் உறிஞ்சல் நிற்காது. டாட் 4 ரகத்தின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்கிறது தரநிலை. சுமார் 3.7 சதவீத ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி இருந்தாலே போதும் என்று அதுவே இறங்கிவருகிறது.

உள்ளூர் ஓட்டத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது தெரியும். சூட்டில் திரவம் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகும். திரவம் அநேகமாகச் சுருங்காது, ஆவி சுருங்கும். காலின் அழுத்தம் குமிழை நசுக்குவதிலேயே செலவாகி, பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டாண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான். மலையிறக்கத்தில் சின்ன கியரில் வருவதும் இதற்காகத்தான்.

அடுத்து பேட்டரி. 1859-ல் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய ஈய-அமில பேட்டரியின் வாரிசுதான் இன்றும் பெரும்பாலான கார்களில் இருக்கிறது. சும்மா இருந்தாலே அது மெதுவாக இறங்கும். நாம் ஆசையாக மாட்டும் டேஷ்கேம், ஜிபிஎஸ் கருவி, அலாரம் ஆகியவை அதை வேகப்படுத்துகின்றன. நிற்கும்போதும் 50 மில்லி ஆம்பியர் இழுக்கும் கருவி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி போகும். சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வாரத்தில் பாதி காலி. இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் படியும் ஈய சல்பேட் இறுகிவிடும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு வராது. எந்தக் கருவி மாட்டினாலும், சாவியை எடுத்ததும் அணையும் இணைப்பா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆசிரியர் விடவில்லை. "டயராவது புதுசா இருக்கே?" பட்டன் தேயாமல்தான் இருந்தது. மெக்கானிக் குனிந்து, டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கத்தைத் தேய்த்துக் காட்டினார்: 1418. அதாவது 2018-ம் ஆண்டின் 14-வது வாரத்தில் செய்த டயர். அதே இடத்தில் நரம்புபோல மெல்லிய வெடிப்புகள். வெயிலும் ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை இறுக வைத்த தடம் அது.

தூரம் உலோகத்தைத் தேய்க்கிறது. ரப்பரையும் திரவங்களையும் தேய்ப்பது காலம். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் சாலையில் ஓட்டினால் ஆயில் காயும், பேட்டரியும் ஓரளவு ஏறும். ஷெட்டில் நிறுத்தி ஐந்து நிமிடம் உறுமவிடுவது ஈரத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. ஆனால் பிரேக் ஆயிலுக்கும் டயருக்கும் எந்த ஓட்டமும் மருந்தாகாது.

வேலை முடிந்ததும், அடுத்த சர்வீஸுக்கான அட்டையில் மெக்கானிக் வழக்கம்போல இரண்டையும் எழுதினார்: கிலோமீட்டர், தேதி. ஆசிரியரிடம் கொடுக்கும் முன் யோசித்து, கிலோமீட்டரை அடித்துவிட்டார்.