இசைக்கருவிக்குத் தனி மின்கம்பி

கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்ட வீடுகளில் ஸ்டீரியோ வாங்கும் நாம், அதற்கு மின்சாரம் வரும் வழியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இஸ்திரிப் பெட்டி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றோடு ஒரே நீட்டுக் கம்பியில் மாட்டினால் கம்பி சூடேறித் தீப்பற்றக்கூடும். குளிர்சாதனப் பெட்டி இயங்கத் தொடங்கும்போது ஒலிபெருக்கியிலும் 'டக்' என்ற ஓசை எழும். ஆகவே, மின்விநியோகப் பெட்டியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைத் தனியே இழுத்து, 20 ஆம்பியர் மின்முறிப்பானுடன் இணைப்பதே நலம்.

இரைச்சலை ஒழிக்கப் பச்சை மஞ்சள் நிற நிலக்கம்பியைத் துண்டிப்போரும் உண்டு. அது பேராபத்து! கருவியின் உலோகக் கூட்டில் மின்சாரம் கசிந்தால், அதனை நிலத்துக்குச் செலுத்தி, மின்னோட்டம் துண்டிக்கப்படச் செய்து, உயிரைக் காப்பது அக்கம்பியே.

1990-ஆம் ஆண்டின் மின்விநியோகச் சட்டத்தின்கீழ்த் தகுதிச் சான்றிதழ் பெற்றவரிடமே, தோட்ட நிருவாகத்தின் அனுமதியுடன், இவ்வேலையை ஒப்படைப்போமாக.