உங்களுக்குத் தெரியுமா? சாமி கும்பிட உரிமை உண்டு, தெருவை எழுப்ப உரிமை இல்லை

சட்டப்படி எது இரவு?
இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று மத்திய அரசு வெளியிட்ட ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் இப்படித்தான் வகுத்திருக்கின்றன. இந்த எட்டு மணி நேரமும் திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பதே பொது விதி. மார்கழியில் நாலரை மணிக்கே கோயில் குழாயில் பாட்டுப் போடுகிறார்கள். ஆறு மணிக்கு முன்னால் பள்ளிவாசல் மினாராவிலிருந்து ஸ்பீக்கரில் பாங்கு வருகிறது. சபையின் முழு இரவு ஜெபம் மைக் வழியாகத் தெருவுக்குக் கேட்கிறது. விதிகளைப் பொறுத்தவரை மூன்றும் ஒரே கணக்குதான். எந்த மதத்தின் பேரும் அந்த விதிகளில் இல்லை.

பகலில் வைக்கலாமா?
வைக்கலாம், ஆனால் எழுத்து மூலம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அனுமதி தரும் அதிகாரம் மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர் போன்றோருக்கோ, டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி ஒருவரை அரசு நியமித்திருந்தால் அவருக்கோ உண்டு. “ஸ்டேஷன்ல சொல்லிட்டோம் சார்” என்பது அனுமதி ஆகாது.

எவ்வளவு சத்தம் இருக்கலாம்?
குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. கடைத்தெருவில் 65, 55. தொழிற்பேட்டையில் 75, 70. அமைதி மண்டலத்தில் 50, 40. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினாலே ஏறக்குறைய 60 டெசிபல் வரும். நம் வீட்டு வாசலுக்குச் சட்டம் எவ்வளவு அமைதியை ஒதுக்கி வைத்திருக்கிறது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். அதில் பாதிகூட நமக்குக் கிடைத்ததில்லை.

அந்த 75 டெசிபல் எங்கிருந்து வந்தது?
விழாக் குழுவினர் பலர் “75 வரை போகலாம்” என்று உறுதியாகச் சொல்வார்கள். விதியை முழுதாகப் படித்தால் கதை வேறு. ஒலிபெருக்கி வைத்திருக்கும் பொது இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபல் கூடுதலாகவோ, 75 டெசிபலாகவோ இருக்கலாம். இரண்டில் எது குறைவோ அதுதான் வரம்பு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 உடன் 10 சேர்த்தால் 65. ஆகவே வீடுகளுக்கு நடுவே இருக்கும் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ வரம்பு 65-தான். தனியார் இடமென்றால் கூடுதல் சலுகை 5 டெசிபல் மட்டுமே.

பத்து டெசிபல் கூடினால் என்ன?
65-க்கும் 75-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் டெசிபல் என்பது கிலோ, மீட்டர் மாதிரி ஏறுகிற அளவு அல்ல. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கிறது. இருபது கூடினால் ஆற்றல் நூறு மடங்கு.

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டர் தொலைவில் 110 டெசிபல் தருகிற குழாய் ஸ்பீக்கர் ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அது 65-க்கு இறங்க ஏறத்தாழ 180 மீட்டர் வேண்டும். நம் தெருக்களில் கோயில் சுவருக்கும் அடுத்த வீட்டு ஜன்னலுக்கும் இடையே ஒரு சைக்கிள் போகிற சந்துதான் இருக்கிறது.

ஏன் குழாய் ஸ்பீக்கர் மேல் மட்டும் இத்தனை கோபம்?
கூம்பு வடிவக் குழாய் சத்தத்தைப் பரவ விடாமல் ஒரே திசையில் குவித்துத் தள்ளும். காதுக்கு உறைப்பாகக் கேட்கும் நடு, உச்ச ஒலிகளைத்தான் அது அதிகம் தரும். அதைக் கொண்டுபோய் வேப்ப மரக் கிளையிலோ மின்கம்பத்திலோ கட்டி, வாயை வீடுகளின் பக்கம் திருப்பி வைக்கிறார்கள். பந்தலுக்குள் நிற்பவருக்குப் பாட்டுச் சுமாராகத்தான் கேட்கும். குழாய்க்கு நேர் எதிரே இரண்டாம் மாடியில் படுத்திருக்கும் நோயாளிக்கோ தலைக்குள்ளேயே கேட்கும். தமிழ்நாட்டில் விழாக்களுக்குக் காவல்துறை தரும் அனுமதிக் கடிதங்களில் கூம்பு ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வடிவ ஒலிபெருக்கிதான் வைக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவது வழக்கம். சின்னப் பெட்டிகள் நாலைந்தைத் தாழ்வாக, கூட்டத்தைப் பார்த்து வைத்தாலே வந்திருப்பவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும். மைக் செட் போடுகிற தம்பிகளுக்கு இது நன்றாகவே தெரியும். சொல்ல வேண்டியவர்கள்தான் சொல்வதில்லை.

நாடு முழுக்கப் பேசப்படும் தீர்ப்பு, சென்னையில் பிறந்தது
சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி என்றொரு குடியிருப்பு. அங்கே ஒரு பெந்தெகொஸ்தே சபையின் ஜெபக்கூடம் இருந்தது. டிரம்ஸ், கிட்டார், ஒலிபெருக்கி என்று ஆராதனை நடக்கும். சத்தம் தாங்க முடியவில்லை என்று காலனி நலச்சங்கத்தினர் 1996-இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதினார்கள், காவல்துறையிடம் போனார்கள், கடைசியில் சென்னை உயர் நீதிமன்றப் படியேறினார்கள். வாரியம் ஒலியை அளந்தது. அந்தச் சாலையில் ஓடும் வண்டிகளின் இரைச்சலும் கூடவே பதிவானது. சபை மட்டுமே காரணம் அல்ல என்பதை உயர் நீதிமன்றமும் ஒத்துக்கொண்டது. இருந்தும் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைக்க நடவடிக்கை எடுக்கும்படி உத்தரவிட்டது. வண்டிகள் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

சபை உச்ச நீதிமன்றம் போனது. சிறுபான்மை மதத்தவரின் வழிபாட்டைத் தடுக்கத்தான் இந்தப் புகார் என்று வாதிட்டது. 2000 ஆகஸ்ட் 30 அன்று நீதிபதிகள் எம்.பி. ஷா, எஸ்.என். புகன் அமர்வு அந்த மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பிறர் அமைதியைக் கெடுத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை, ஒலிபெருக்கி வைத்தோ முரசு அடித்தோதான் தொழ வேண்டும் என்றும் போதிக்கவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். முதியவர்கள், நோயாளிகள், படிக்கும் மாணவர்கள், தூங்கும் குழந்தைகள் ஆகியோரின் உரிமையையும் நீதிபதிகள் எடுத்துச் சொன்னார்கள். இன்று எந்த மாநிலத்தில் கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கி வழக்கு வந்தாலும் முதலில் எடுத்து வைக்கப்படும் தீர்ப்புகளில் இது ஒன்று.

அரசியல் சட்டம் என்ன சொல்கிறது?
வழிபாட்டு உரிமை தரும் 25-ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்றுதான் தொடங்குகிறது. உடல்நலம் என்று அதில் இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை.

யாருக்கும் கேட்காமல் போன ஓலம்
1998 ஜனவரியில் செய்தித்தாள்களில் ஒரு செய்தி வந்தது. 13 வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். பக்கத்தில் ஒலிபெருக்கியில் அலறிய பாட்டில் அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. அன்று மாலையே அவள் தீக்குளித்து இறந்தாள். அதைப் படித்த அனில் மித்தல் என்ற பொறியாளர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 2005 ஜூலை 18 அன்று தலைமை நீதிபதி ஆர்.சி. லகோத்தி, நீதிபதி அசோக் பான் அமர்வு அதில் விரிவான தீர்ப்பு வழங்கியது. பேச்சுரிமை என்ற பெயரில் யாரும் அடுத்தவரைக் கட்டாயப்படுத்திக் கேட்க வைக்க முடியாது என்றது. வரம்பு மீறும் ஒலிபெருக்கி, ஆம்ப்ளிஃபயர் போன்றவற்றைப் பறிமுதல் செய்ய மாநிலங்கள் வழி செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. இந்தச் சட்டம் யாருக்காக என்று கேட்பவர்களுக்கு நான் அந்தச் சிறுமியைத்தான் சொல்வேன்.

திருவிழா நாளில் சலுகை உண்டா?
உண்டு, ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு மொத்தம் 15 நாள் மட்டும் இரவு 10 மணி முதல் 12 மணி வரை ஒலிபெருக்கியை அனுமதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. எந்தெந்த நாள் என்பதை அரசு அறிவிக்க வேண்டும். இந்த விதியை 2005 அக்டோபர் 28 அன்று ஏற்றுக்கொண்ட உச்ச நீதிமன்றம், சில கடிவாளங்களையும் போட்டது: இந்த அதிகாரத்தை அரசு வேறு யாருக்கும் கைமாற்றித் தரக் கூடாது, மாநிலம் முழுவதற்கும் ஒரே நாட்கள்தான், மாவட்டத்துக்கு ஒரு தேதி வைக்கக் கூடாது, அமைதி மண்டலத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அப்படியென்றால் ஒவ்வொரு தெருக் கோயில் கொடைக்கும் தனித்தனியாக நள்ளிரவு வரை அனுமதி என்ற பேச்சுக்கே இடமில்லை. விடிய விடிய என்பது எந்தக் கணக்கிலும் வராது.

மைக் இல்லாத மேளம்?
2010 திருத்தத்துக்குப் பிறகு ஒலி எழுப்பும் கருவிகள், இசைக்கருவிகள் ஆகியவற்றுக்கும் இரவுத் தடை பொருந்தும். மூடிய அரங்குக்குள் நடக்கும் நிகழ்ச்சிக்கு விலக்கு உண்டு. அவசர நிலைக்கும் உண்டு.

வழிபாட்டிடமே அமைதி மண்டலம்!
மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாகலாம் என்பது பலருக்குத் தெரியும். விதிகளின் அட்டவணைக் குறிப்பில் அந்தப் பட்டியலிலேயே வழிபாட்டிடங்களும் இருக்கின்றன. வெளிச் சத்தம் உள்ளே வரக் கூடாது என்று சட்டம் பாதுகாக்க நினைத்த இடத்திலிருந்தே சத்தம் வெளியே போகிறது. 2017 திருத்தத்தின்படி மாநில அரசு முறையாக அறிவித்தால்தான் ஓர் இடம் அமைதி மண்டலம் ஆகும்.

பாங்கு வேறு, ஸ்பீக்கர் வேறு
பாங்கு இஸ்லாமிய வழிபாட்டின் அங்கம். ஒலிபெருக்கி அங்கம் அல்ல. 1998-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இப்படிச் சொன்னது. 2020 மே மாதம், ஊரடங்கு நேரத்தில், அலகாபாத் உயர் நீதிமன்றமும் இதையே சொன்னது: மனிதக் குரலில் மினாராவிலிருந்து பாங்கு சொல்லலாம், யாரும் தடுக்கக் கூடாது. ஆனால் பாங்குக்கு எதிராக மட்டும் வழக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதை 2023 நவம்பரில் குஜராத் உயர் நீதிமன்றம் காட்டியது. அதிகாலையில் மேளதாளத்தோடு நடக்கும் ஆரத்தி யாருக்கும் தொந்தரவு இல்லையா என்று கேட்டு அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. அடுத்த மதத்தின் குழாயை மட்டும் எண்ணுகிறவருக்கு இந்தச் சட்டம் ஆயுதம் ஆகக் கூடாது. அதில் எனக்குச் சமரசமே இல்லை.

மற்ற நாடுகளில்?
சவூதி அரேபியாவில் 2021-இல் வந்த உத்தரவின்படி பள்ளிவாசலின் வெளி ஸ்பீக்கர் பாங்குக்கும், தொழுகை தொடங்கும்போது சொல்லும் இகாமத்துக்கும் மட்டுமே, அதுவும் முழு ஒலியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. சிங்கப்பூரில் 1970-களில் பள்ளிவாசல் ஸ்பீக்கர்களை உட்புறமாகத் திருப்பி வைத்தார்கள். பாங்கு வானொலியில் வந்தது. இலங்கையில் வெலிகம பள்ளிவாசல் தொடர்பான வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம், இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாக ஒலிபெருக்கி அனுமதி தரக் கூடாது என்று எல்லா மதத்துக்கும் சேர்த்துச் சொன்னது.

மீறினால்?
சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் 15-ஆம் பிரிவில் முன்பு ஐந்தாண்டு வரை சிறை இருந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் அது போய், 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாறிவிட்டது. தொகை பெரிதுதான். விதிக்கிற மனம் இருந்தால் போதும்.

புகார் சொன்னால் பெயர் வெளியே வருமா?
இந்தப் பயத்தால்தான் பாதிப் பேர் வாய் திறப்பதில்லை. ஒரே தெருவில் காலம் தள்ள வேண்டும், நாளைக்கு விழாக் குழுவின் முகத்தில் விழிக்க வேண்டும். 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு மும்பை வழக்கில், புகார் கொடுத்தவரின் அடையாளத்தைக் காவல்துறை வெளியிடக் கூடாது, அடையாளத்தைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. ஸ்பீக்கரிலேயே ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு வேண்டும் என்பதையும் எடுத்துச் சொன்னது. தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களும் இந்த வழியைப் பின்பற்ற வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?
முதலில் விழாக் குழுவிடமோ நிர்வாகத்திடமோ நேரில் பேசுங்கள். குழாயைத் திருப்புங்கள், பத்து மணிக்கு நிறுத்துங்கள் என்று கேட்பது பக்திக்கு எதிரான பேச்சு அல்ல. கேட்கவில்லையென்றால் 100 அல்லது 112-ஐ அழையுங்கள், தேதி, நேரம் குறித்து எழுத்திலும் ஒரு புகார் கொடுங்கள். செல்போன் செயலி காட்டும் டெசிபல் எண் தோராயம்தான். முறைப்படி அளக்கும்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேட்கலாம். விழாக் குழுவில் இருப்பவர் நீங்களே என்றால், இந்த ஆண்டு மைக் செட்டுக்கு முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: குழாய் வேண்டாம், பெட்டி போதும், பத்து மணிக்கு ஆஃப்.